துடியலூர்ல பார்க்க என்ன இருக்கு, அத்தை?

இந்தக் கேள்வியை என் அண்ணன் மகன் வீடியோ காலில் கேட்டபோது நான் சந்தவைக்கு இட்லி ஊற்றி வைத்துவிட்டு, கொதி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு ஒன்பது வயசு. அமெரிக்காவின் தெற்குப் பக்கம், சவுத் கரோலினாவில் கிரீன்வில் என்ற சின்ன ஊரில் வளர்கிறவன். ஜூன் மாசப் பள்ளி லீவுக்கு அப்பாவோடு பன்னிரண்டு நாள் வரப்போகிறான். வருகிற ஊரில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான். அவ்வளவுதான்.

"ஊட்டி இருக்கு சாமி" என்றேன்.

"ஊட்டி துடியலூர்லயா இருக்கு?"

"இல்ல, மேட்டுப்பாளையம் தாண்டி, மலைக்கு மேல."

"அப்போ துடியலூர்ல?"

நாற்பத்தி ரெண்டு வருஷமாக இந்த மேட்டுப்பாளையம் ரோட்டைத்தான் குறுக்கேயும் நெடுக்கேயும் கடந்துகொண்டிருக்கிறேன். ஆனால் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துப் பாருங்கள், கோயமுத்தூர்க்காரர்கள் எல்லாருமே இப்படித்தான். விருந்தாளி வந்தால் ஊட்டி, வால்பாறை, ஆழியாறு என்று ஊரை விட்டு வெளியே கூட்டிப்போகத்தான் நமக்குத் தெரியும்.

அவன் ஊரைப் பற்றி அவனே ஒப்பித்தான். ஊருக்கு நடுவில் ஓர் ஆறு, அதில் அருவி. அருவிக்கு மேலே வளைந்து போகும் நடைபாலம். எல்லாவற்றையும் விட அவனுக்குப் பிடித்தது ஒன்பது எலிகள். அந்த ஊர் மெயின் ரோட்டில் ஒன்பது குட்டி வெண்கல எலிகளை அங்கங்கே ஒளித்து வைத்திருக்கிறார்களாம். குழந்தைகள் நடந்துகொண்டே ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் கொடுத்த யோசனையாம் அது. "உங்க ஊர்ல எலி இருக்கா அத்தை?" என்று முடித்தான்.

"எங்கூட்டு அட்டத்துல நெறைய இருக்கு" என்று பின்னாலிருந்து அப்பா குரல் கொடுத்தார். நான் சிரித்தேன். போனில் அண்ணன் சிரித்த மாதிரி தெரியவில்லை.

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 2021 மே மாதம், இரண்டாம் அலையில் அம்மா போய்விட்டாள். விமானம் இல்லை. வந்தாலும் விசா சிக்கலில் திரும்பிப் போக முடியுமா என்று தெரியாது. அண்ணன் வரவில்லை. கொள்ளி வைத்தது சித்தப்பா பையன். அண்ணன் எல்லாவற்றையும் என் போனில் பார்த்தான். போனைப் பிடித்திருந்த என் கை நடுங்கியதால் பாதி நேரம் அவனுக்கு வானம்தான் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு அப்பாவும் அவனும் பேசியதெல்லாம் "நல்லாருக்கியா", "சாப்ட்டீங்களா", "அங்க குளுரா". நாலு வருஷமும் இதேதான். இடையில் அண்ணன் முதியோர் குடியிருப்புகளின் விளம்பரப் படங்களை எனக்கு அனுப்ப ஆரம்பித்தான். கோவையில் அதற்கா பஞ்சம்? "வீட்ட வித்துட்டு அங்க போயிட்டா அப்பாவுக்கு வசதி, எனக்கும் நிம்மதி" என்பான். நான் அப்பாவிடம் காட்டியதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். அவன் எதற்கு வருகிறான் என்றும் தெரியும்.

அண்ணனும் பையனும் வந்து இறங்கியபோது சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம்ம ஊருக்குள் நுழைந்துவிடும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்திருக்கும், எங்கேயும் கூட்டம் இருக்காது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்வேன், கோவையைச் சுற்றிப் பார்க்க இதுதான் மாசம். ஒரே குறை, கோவைக் குற்றாலத்தை மறந்துவிட வேண்டும். மழை வலுத்தால் வனத்துறை அனுமதிக்காது. எங்களுக்கும் அப்படித்தான் ஆனது.

மறுநாள் காலை அப்பா பையனைக் கையைப் பிடித்து விருந்தீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போனார். துடியலூரில் பார்க்க என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு அவருடைய பதில் அது. வடமதுரை என்று பழைய ஆட்கள் சொல்லும் இடம். சுந்தரருக்குச் சிவபெருமானே விருந்து வைத்ததாகக் கோயில் கதை. விருந்து வைத்த சாமி உள்ள ஊரில் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேனே என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. திரும்பி வந்த பையன் வாசலிலிருந்தே கத்தினான்: "அத்தை, ஒண்ணு கெடச்சிருச்சு!"

பிள்ளையார் முன்னால் இருந்த கல் மூஞ்சூறு. அப்பாதான் காட்டியிருக்கிறார். "உங்கூர்ல ஒம்பது பித்தள எலி. இங்க எல்லாம் கல்லு எலி. எத்தன கண்டுபுடிக்கறேன்னு பாக்கலாம்." அவன் வெண்கலம் என்று திருத்தினான். அப்பா அதை ஒத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து இந்த வீட்டில் கணக்கு ஆரம்பித்தது. விதிகளை வகுத்தவர் அப்பா: ஒரே தெருவில் ரெண்டு எண்ணக்கூடாது, படத்தில் வரைந்தது செல்லாது.

மேட்டுப்பாளையத்துக்கு விடியற்காலை பஸ்ஸில் போனோம். மலை ரயிலில் ஏற டிக்கெட் இல்லை. அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால் ஏறாவிட்டால் என்ன? காலை ஏழேகாலுக்கு முன்னால் கிளம்பும் அந்த நீல ரயிலைப் பக்கத்தில் நின்று பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. நீராவி எஞ்சின் முன்னால் இழுக்காமல் பின்னால் நின்று தள்ளுவதைப் பார்த்துப் பையன் வாயைப் பிளந்தான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஓடுகிறது, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் ஏறுகிறது என்று அண்ணன் விளக்கினான். 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை, மொத்தம் 46 கிலோமீட்டர், 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இதெல்லாம் பெரியவர்களுக்கு. பையனுக்கு அந்தக் கூவல் போதுமாக இருந்தது.

திரும்பும்போது மேட்டுப்பாளையம் பாசஞ்சரில் துடியலூருக்கு வந்தோம். காரமடை, பெரியநாயக்கன்பாளையம் என்று நின்று நின்று வரும். பெட்டியில் மல்லிகைப்பூ மூட்டையும் கல்லூரிப் பிள்ளைகளும். "எங்க ஊர்ல ரயில் ரோட்ட எடுத்துட்டு சைக்கிள் ஓட்டற பாதையா மாத்திட்டாங்க அப்பாரு" என்றான் பையன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஆபீஸ் போறவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

வன அருங்காட்சியகத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ஆர்.எஸ்.புரம் கௌலி பிரவுன் ரோட்டில், வனக்கல்லூரி வளாகத்துக்குள் மரங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் காஸ் அருங்காட்சியகம். 1902-ல் ஆரம்பித்தது, காஸ் என்ற வெள்ளைக்கார வன அதிகாரியின் பெயரில். நம்மில் எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறோம்? நான் அதற்கு முன்னால் போனது ஆறாம் வகுப்பில், வரிசையில், வாயில் விரல் வைத்தபடி. போகும் முன் எந்த நாள் திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போங்கள். உள்ளே பதப்படுத்தி நிறுத்திய காட்டெருதைப் பார்த்துப் பையன் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டான். பெரிய மரத்தின் குறுக்குவெட்டுக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றார்கள். வளையங்களை எண்ண ஆரம்பித்து எண்பதில் தகராறு வந்து மறுபடியும் முதலிலிருந்து. மரத் துண்டுகளை வகை வகையாக அடுக்கியிருந்த அலமாரி அப்பாவைப் பிடித்து நிறுத்திவிட்டது.

"பாபினுக்கு எந்த மரம் தெரியுமா?" என்றார் திடீரென்று. யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. "நாங்க வேலைக்குச் சேர்ந்தப்ப எல்லாம் மர பாபின்தான். பிளாஸ்டிக்கு அப்பறம் வந்தது. மரம் சரியில்லைன்னா சுத்தும்போது ஒதறும், நூல் அறுந்து போகும்."

அப்பா முப்பத்தி நாலு வருஷம் மில்லில் இருந்தவர். மூன்று ஷிப்ட். கோவையில் முதல் மில் 1888-ல் வந்தது. பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஊரெல்லாம் மில் சங்கு ஊத ஆரம்பித்தது. தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கினோம். பிறகு ஒவ்வொன்றாக மூடினார்கள். அண்ணன் சொன்னான்: "கிரீன்வில்லும் மில் ஊர்தாம்ப்பா. உலகத்துக்கே துணித் தலைநகரம்னு பேர் வெச்சுக்கிட்டாங்க. அங்கயும் மூடிட்டாங்க. சில மில்லு இப்ப அபார்ட்மெண்ட்."

"அப்படியா?" என்றார் அப்பா. நாலு வருஷத்தில் அண்ணனிடம் அவர் கேட்ட முதல் நிஜமான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். "வேலை பாத்தவங்கெல்லாம்?"

அண்ணனுக்குத் தெரியவில்லை. "விசாரிச்சுச் சொல்றேன்" என்றான்.

ஒரு கண்ணாடிப் பெட்டியில் பையன் எலி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு வந்தான். செத்தது கணக்கில் வராது என்று தீர்ப்பானது.

வ.உ.சி. பூங்காவுக்குப் போகலாம் என்றது அண்ணன்தான். அவனுக்கு ஐந்து வயசில் அப்பா தோளில் உட்கார்ந்து குரங்குக்கூண்டு பார்த்த ஞாபகம். அதைத் தன் பையனுக்குக் காட்ட வேண்டும். எனக்குத் தெரிந்திருந்தும் முன்கூட்டிச் சொல்ல வாய் வரவில்லை. இடம் போதாது என்று 2022 ஜனவரியில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அங்கீகாரத்தை ரத்து செய்துவிட்டது. விலங்குகளை வேறு இடங்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். புள்ளிமான்களைச் சிறுவாணி மலையடிவாரக் காட்டில் விட்டார்கள். மான்களுக்கு நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பூட்டிய பக்கத்தைப் பார்த்தபடி அண்ணன் நின்ற நிலையைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"எங்கயாவது சொல்லியிருக்கலாமில்ல" என்றான் என்னிடம்.

"இதையா போன்ல சொல்லுவாங்க?" என்றேன்.

பையனுக்கு இந்த வருத்தமெல்லாம் புரியவில்லை. மரத்தில் ஓடிய அணில் எலிக்குச் சொந்தம்தானே, அரை மார்க் கொடுக்கலாமா என்று அப்பாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தான். கோவைச் சிறையில் செக்கிழுத்தவரின் பெயரில் இருக்கும் பூங்கா இது என்று அவனுக்கு அப்பா சொல்ல ஆரம்பித்தார். மாடு இழுக்கும் செக்கை மனிதன் ஏன் இழுத்தான் என்று அவன் கேட்க, பதில் வெள்ளைக்காரன் கப்பல் வரை போனது. வெளியே வந்து ரோட்டோரக் கடையில் காளான் சாப்பிட்டோம். உறைப்பு தாங்காமல் பையன் குதித்தான். பிறகு இன்னொரு தட்டு கேட்டான்.

அவிநாசி ரோட்டில் இருக்கும் ஜீடி கார் அருங்காட்சியகம், குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஊரிலேயே நல்ல இடம் என்பது என் அபிப்பிராயம். 2015-ல் திறந்தது. கார் பிடிக்காதவர்களும் போகலாம், நான் போனேனே! கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டியின் மாதிரி இருக்கிறது. அண்ணனுக்கு வேலையே கார் சம்பந்தப்பட்டது. அவன் ஒவ்வொரு வண்டியாக நின்றான். அப்பாவோ ஜி.டி.நாயுடு கதையை எடுத்துவிட்டார். கலங்கலில் 1893-ல் பிறந்தவர், பள்ளிக்கூடம் பிடிக்காமல் ஓடியவர், 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்ட ஆரம்பித்தவர். பள்ளிக்கூடம் பிடிக்காமல் ஓடிய பகுதியை மட்டும் பையன் இரண்டு முறை கேட்டுக்கொண்டான்.

வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகத்துக்கு ஒரு மதியம். உயிருள்ளதும் பதப்படுத்தியதுமாக எத்தனையோ பூச்சி. என்னால் முழுக்கப் பார்க்க முடியவில்லை, உடம்பு அரித்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். காரமடைக்கு அந்தப் பக்கம் பரளிக்காட்டுக்குப் போய் பில்லூர் அணைத் தண்ணீரில் பரிசல் ஏறி, மலைக்கிராமத்துப் பெண்கள் சமைத்த சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும் என்று எனக்கே ரொம்ப நாள் ஆசை. வார இறுதியில்தான், அதுவும் முன்பதிவு செய்தால்தான். நான் தாமதமாகக் கேட்டேன், இடம் கிடைக்கவில்லை.

கணக்கு ஐந்தில் நின்றது.

பேரூரை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. கோவையில் குழந்தைகளைக் கூட்டிப்போக அதைவிட நல்ல கோயில் கிடையாது. கனகசபை மண்டபத்தின் கூரையில் கல்லிலேயே செதுக்கிய சங்கிலி தொங்கும். பிறவாப் புளி, இறவாப் பனை என்று ரெண்டு மரக்கதை. அந்தப் புளியமரத்தின் கொட்டை முளைக்காது, அந்தப் பனைக்குச் சாவு கிடையாது என்பார்கள். இருந்தும் சேர்க்கவில்லை. பேரூர் நொய்யல் படித்துறையில்தான் அம்மாவின் அஸ்தியைக் கரைத்தோம். அதற்குப் பிறகு அப்பா அந்தப் பக்கம் போகவே இல்லை. தை அமாவாசைக்குக்கூட வீட்டிலேயே படைத்துவிடுவார்.

ஒன்பதாம் நாள் காலை, கொள்ளுப்பருப்பு தாளித்துக்கொண்டிருந்தேன். அப்பா வேட்டி மாற்றிக்கொண்டு வந்து, "கார் வரச் சொல்லு கண்ணு. பேரூர் போயிட்டு வந்தர்லாம்" என்றார். அண்ணன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் பக்கத்தைத் திருப்பவும் இல்லை.

கோயிலில் பையன் கல் சங்கிலியைப் பார்த்து, எப்படி மாட்டினார்கள் என்று கேட்டான். மாட்டவில்லை, ஒரே கல்லில் அப்படியே செதுக்கினது என்றதும் நம்பவில்லை. பிள்ளையார் சன்னதியில் ஆறாவது எலி. அரசமரத்தடியில் ஏழாவது. அதை ஒரே இடமாக எண்ணுவதா ரெண்டாக எண்ணுவதா என்று விவாதம். இந்த முறை அப்பா விட்டுக்கொடுத்தார்.

படித்துறைக்கு யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அப்பா நடந்தார், நாங்கள் பின்னால் போனோம். வெள்ளியங்கிரிப் பக்கம் மழை. நொய்யலில் செங்காவி நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ஒரு படியைக் காட்டினார்.

"இங்கதான். அன்னிக்குத் தண்ணி இல்ல. கொடத்துல கொண்டாந்து ஊத்தித்தான் கரைச்சோம். போலீஸ்காரரு நாலு பேருக்கு மேல நிக்கக்கூடாதுன்னுட்டாரு. உங்க சித்தப்பன் அந்த மரத்துக்கிட்டயே நின்னுட்டான்."

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். முழங்கால் வரை தண்ணீர். பேண்ட் நனைவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அங்கேயே நின்றான். முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. பையன் என்னை அண்ணாந்து பார்த்தான். நான் அவன் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

ரொம்ப நேரம் கழித்து, திரும்பாமலே அண்ணன் சொன்னான்: "போன்ல எனக்கு ஒண்ணும் தெரியலைப்பா. வானந்தான் தெரிஞ்சுது. மறுபடி பண்ணச் சொல்லிக் கேக்க முடியாதில்ல."

அப்பா பதில் சொல்லவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டார். பிறகு மெதுவாக, அன்று நடந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது எத்தனை மணிக்கு, யார் யார் வந்தார்கள், அம்மாவுக்கு எந்தப் புடவை. எனக்கே தெரியாத விஷயமெல்லாம் இருந்தது. அண்ணன் வந்து ரெண்டு படி கீழே உட்கார்ந்து கேட்டான். நான் பையனைக் கூட்டிக்கொண்டு இளநீர்க் கடைப் பக்கம் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது ஆற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கிரீன்வில்லின் ரீடி ஆற்றில் ஒரு காலத்தில் மில்லுக்காரர்கள் சாயத்தண்ணீரை விட்டு, அன்றைக்கு என்ன சாயமோ அந்த நிறத்தில் ஆறு ஓடுமாம். அருவிக்கு மேலேயே ஒரு ரோட்டுப் பாலம் இருந்து அருவியையே மறைத்திருந்ததாம். 2002-ல் பாலத்தை இடித்துவிட்டு, 2004-ல் இந்த நடைபாலத்தைக் கட்டினார்களாம். பையன் சொன்ன அதே பாலம். "ஆத்தப் பாக்கறதுக்குன்னு ஊரே வருதுப்பா இப்ப."

"நம்முளுதுல சாயம் திருப்பூர்ல" என்றார் அப்பா. ஒரத்துப்பாளையம் அணை, 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவு என்று அவருக்கு எல்லாம் தேதியோடு தெரியும். "இங்க சாக்கடைதான். மழ பேஞ்சா மட்டும் ஆறு." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பாலத்துல வயசானவங்க நடக்கலாமா?" என்றார்.

"கைப்பிடி இருக்கு அப்பாரு" என்றான் பையன்.

அண்ணன் வீட்டைப் பற்றி அந்தப் பன்னிரண்டு நாளில் பேசவே இல்லை. கிளம்புகிற அன்று என்னிடம் மட்டும், "கொஞ்ச நாள் போகட்டும்" என்றான். என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. பெட்டியில் கச்சாயம், அரைத்த கொள்ளுப்பொடி, ஜீடி அருங்காட்சியகத்தில் வாங்கிய சின்னக் கார். எலிக்கணக்கு ஏழோடு நின்றதில் பையனுக்குத்தான் வருத்தம். "ரெண்டு பாக்கி" என்று சொல்லிக்கொண்டே காரில் ஏறினான்.

போன வாரம் அப்பா சாயங்காலம் நடக்கப் போனவர் இருட்டிய பிறகும் வரவில்லை. பயந்துபோய் நான் தேடக் கிளம்பினேன். ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து முனையில், தகரக்கூரை போட்ட சின்னப் பிள்ளையார் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். கையில் போன்.

"இந்த வெளிச்சம் எப்படிப் போடறது கண்ணு?" என்றார். "எலி சரியா உளுக மாட்டேங்குது. அவனுக்கு அனுப்பணும்."